கரி இன்ஜினின் மூன்றாம் மூச்சு

எங்கள் மாமாவின் அம்பாசிடர் காரில் பின்பக்க இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. வலது கதவு எந்தப் பக்கமிருந்தும் திறக்காது. முன்பக்க இடது கதவு திறந்தால் மூடாது என்பதால் அதைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஆக மொத்தம் நான்கு கதவில் ஒழுங்காக வேலை செய்தது மாமா உட்காரும் பக்கத்துக் கதவு ஒன்றுதான். வாடகைக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் அவர் முன்கூட்டிச் சொல்வதில்லை. வண்டி நின்றதும் அவர்கள் கைப்பிடியோடு மல்லுக்கட்டத் தொடங்குவதற்குள், முன் சீட்டில் இருக்கும் நான் ஜன்னல் வழியாக வெளியே குதித்து, ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய மரியாதை மாதிரித் தெரியும். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. அந்த உத்தியோகத்தின் புண்ணியத்தில்தான் ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை, விருதுநகரிலிருந்து ஒரு கரி இன்ஜினைக் காரில் துரத்திக்கொண்டு போகும் யோகம் எனக்கு வாய்த்தது.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. சிவகாசிக்குப் பட்டாசு வாங்க வரும் வெளியூர் வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகச் சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. அதனால் டிக்கியில் எந்நேரமும் சாம்பிள் சரக்கு கிடக்கும். சீசன் முடிந்துவிட்டால் கல்யாணம், காதுகுத்து, இருக்கன்குடி மாரியாத்தா கோயில் என்று வண்டி ஓடும். என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அம்மா ஒரு ஆபீஸில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைப்பாள். அப்பா வேறொரு ஆபீஸில் மருந்து கலப்பார். சனிக்கிழமையும் இரண்டு பேருக்கும் வேலை உண்டு. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னை எங்கே விடுவது என்பது அம்மாவின் கவலை, கதவைத் திறக்க ஆள் வேண்டும் என்பது மாமாவின் கவலை. அன்றைக்கு இருக்கன்குடிக்கு ஒரு பார்ட்டி போகிறது, பிள்ளையும் சாமி கும்பிட்டுவிட்டு வரட்டும் என்று மாமா வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். அம்மா அதை நம்பி, பொங்கலுக்கு எடுத்த மஞ்சள் கவுனை எனக்குப் போட்டுவிட்டு, மறக்காமல் திருநீறு கொண்டுவரச் சொல்லி அனுப்பினாள்.

அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். கோயில் கொடைத் திருவிழாவில் ஐயாயிரம் வெடிச் சரத்தைக் காதருகே கொளுத்தினாலும் திரும்பிப் பார்க்காதவள் அவள். ஆனால் பகல் நேரத்தில், வேலை நடக்கும் நேரத்தில், தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் போதும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பாள். எந்தப் பக்கம் புகை கிளம்புகிறது என்று பார்ப்பாள். தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் வந்து நிற்பார்கள், நானும் வேடிக்கையாகக் கூட நிற்பேன். இன்னொன்று, அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்வதில்லைதான், ஆனால் அம்மா அதில் ரொம்பவும் கறார். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் என் முதுகில் ஒரு விரலால் குத்துவாள். நான்தான் உரக்கச் சொல்ல வேண்டும். அதுவும் ஒருவகையில் எனக்கு உத்தியோகம்தான்.

விருதுநகர் ரயிலடியில் காலை எட்டு மணிக்கு எங்கள் பார்ட்டி வந்து இறங்கியது. இரண்டே பேர். ஒருவர் கையில் மேப்பும் கழுத்தில் விசிலும் வைத்திருந்தார். அவரை மேப் சார் என்று வைத்துக்கொண்டேன். மற்றவர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, ஒரு டேப் ரெக்கார்டரைப் பிள்ளையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அதிலிருந்து ஒரு வயர் போய், நீளமான குச்சியின் நுனியில் பஞ்சு உறை போட்ட ஒரு மைக்கில் முடிந்தது. அவர் டேப் சார். சென்னையில் ஏதோ நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் என்று மாமா சொன்னார். நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் லீவு போட்டுவிட்டு ரயிலைத் துரத்துவார்கள் என்பது எனக்கும் புதிது, மாமாவுக்கும் புதிது. ரயிலில் ஏறிப் போகலாமே என்று மாமா கேட்டதற்கு, உள்ளே உட்கார்ந்தால் ரயில் எப்படித் தெரியும் என்று மேப் சார் திருப்பிக் கேட்டார்.

எங்கள் பாதை அப்போது மீட்டர் கேஜ். அதைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போடப் போகிறார்கள், அதற்கு முன்னால் பழைய கரி இன்ஜின் ஒன்றை ஒரே ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள் என்று டேப் சார் விளக்கினார். ராஜபாளையம் வரைக்கும் ஒரு நடை. அவ்வளவுதான். அப்புறம் அதைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு ஸ்டேஷன் வாசலில் பெயிண்ட் அடித்து நிறுத்திவிடுவார்கள். அவருக்குப் போட்டோ வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நின்றுகொண்டிருக்கும் அந்த இன்ஜின் கிளம்பும்போது விடுகிற முதல் நாலைந்து மூச்சு, குறுக்கே வேறு சத்தம் விழாமல் டேப்பில் ஏற வேண்டும். ஓடுகிற சத்தத்தை யார் வேண்டுமானாலும் பிடித்துவிடலாமாம். நின்ற வண்டி முக்கி முனகி முதல் அடி எடுத்து வைக்கிற சத்தம்தான் சத்தமாம். எத்தனையோ ஊரில் எத்தனையோ இன்ஜினின் மூச்சைப் பிடித்து வைத்திருந்தாராம். இந்த ரக இன்ஜின் மட்டும் அவர் கையில் சிக்காமலே தப்பித்துக்கொண்டிருந்தது. “நான் கையைத் தூக்கினா யாரும் பேசக் கூடாது. தும்மக்கூடக் கூடாது” என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார்.

தும்மலை அவர் சொல்லியிருக்கவே கூடாது. ரயிலடிக்குப் பக்கத்தில் மிளகாய் வத்தல் மண்டி. மாசியில் புது வத்தல் வரத்து. இன்ஜின் விசில் அடித்தது, டேப் சார் கையைத் தூக்கினார், கூட்டம்கூட ஓரளவுக்கு அமைதியானது. அந்த நேரம் பார்த்துக் காற்று மண்டிப் பக்கமிருந்து திரும்பியது. எனக்கும் மாமாவுக்கும் பழகிய நெடி, ஒன்றும் செய்யவில்லை. டேப் சார் தூக்கிய கையை இறக்காமலே ஏழெட்டுத் தும்மல் தும்மினார். கண்ணில் தண்ணீர் வழிய அவர் நிமிர்ந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சிரிப்பை நான் அடக்கியதில்லை. மாமா அடக்கவே இல்லை.

“ஏறுங்க சார், இந்தா மறிச்சுப் போடுவோம்!” என்று மாமா வண்டியை எடுத்தார். எங்களுக்கு முன்னால் மலையாளம் பேசும் நான்கு பேர் ஒரு ஜீப்பில் பறந்தார்கள். பின்னால் மதுரை நம்பர் போட்ட வேன் ஒன்று. எல்லோரும் அந்த ஒரே ரயிலைத் துரத்துகிறார்கள். ஆமத்தூர் தாண்டித் தண்டவாளம் ரோட்டை ஒட்டி வந்த இடத்தில் ரயிலைப் பிடித்துவிட்டோம். கறுப்பு இன்ஜின் எங்களுக்குச் சமமாக ஓடிவருகிறது. அதன் சக்கரத்தைப் பிணைத்திருந்த இரும்புத் தண்டு முன்னும் பின்னும் போய் வருவது, மாவாட்டுகிற கை மாதிரி இருந்தது. டிரைவர் எங்களைப் பார்த்துத் தலைப்பாகையை அவிழ்த்து ஆட்டினார். நான் ஜன்னலில் இடுப்பு வரை வெளியே வந்து தொண்டை கிழியக் கத்தினேன். கரித்தூள் கண்ணில் விழுந்தது, விழட்டும் என்று விட்டுவிட்டேன். பின் சீட்டில் டேப் சார் மைக்கை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். அம்பாசிடர் போட்ட சத்தத்தில் இன்ஜின் சத்தம் எடுபடவில்லை.

ஒருவழியாக ரயிலை முந்தித் திருத்தங்கலுக்குப் போனால் அங்கே கேட் சாத்தியிருந்தது. ரயிலைத் துரத்துகிறவர்களுக்கு ரயிலே எதிரி என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நாம் யாரைப் பிடிக்க ஓடுகிறோமோ அவருக்காகவே வழியை அடைத்து வைத்திருப்பார்கள். எங்களுக்கு முன்னால் காகித லோடு ஏற்றிய மூன்று லாரி. பரவாயில்லை, ஸ்டேஷன் தெரிகிறது, ரயில் நின்று கிளம்புகிற சத்தத்தை இங்கிருந்தே பிடித்துவிடலாம் என்று மேப் சார் சொல்ல, நான் குதித்துப் போய்க் கதவைத் திறந்தேன். டேப் சார் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினார். இன்ஜின் முதல் மூச்சு விட்டது. மூன்று லாரிக்காரர்களும் ஒரே சமயத்தில் ஹாரனை அமுக்கினார்கள். கேட்டைச் சீக்கிரம் திறக்க வைப்பதற்கு எங்கள் ஊரில் உள்ள ஒரே வழி அதுதான். கேட் அதனால் ஒருநாளும் சீக்கிரம் திறந்ததில்லை.

சிவகாசியில் பேண்டு வாத்தியம், மைக் செட், மாலை, பேச்சு. ஸ்டேஷனுக்குள் கால் வைக்க இடமில்லை. டேப் சார் உள்ளே போகக்கூட முயற்சி செய்யவில்லை. காரிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இனி வில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இதே கூட்டம்தான் இருக்கும், எனக்கு ராசியில்லை என்றார். பெரிய மனிதர் ஒருவர் அப்படி உதடு நடுங்கப் பேசி நான் பார்த்ததில்லை. வத்தல் மண்டியில் சிரித்ததற்கு அப்போது வருத்தப்பட்டேன். மாமாவும் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பி, இந்தத் தடவை கேட் சாத்துவதற்கு முன்பே சாட்சியாபுரத்தைத் தாண்டி, வில்லிபுத்தூர் போகும் பக்கமாக ஒரு வண்டிப்பாதையில் இறக்கினார்.

போகிற வழியில் டேப் சாரைக் கொஞ்சம் உற்சாகப்படுத்த நினைத்தாரோ என்னவோ, மேப் சார் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். இரண்டு பேரும் ஆபீஸ் போறாக என்றேன். எந்த ஆபீஸ் என்றார். அப்பா மருந்து கலக்குறாக என்றேன். அடடே, கம்பவுண்டரா, நல்ல வேலை என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாமா டேப் சாரிடம் கேட்டார். “ஏன் சார், இம்புட்டுப் பெரிய ரயில வழியில ஒரு எடத்துல நிப்பாட்ட ஏலாதா?”

சிவப்புக் கொடி காட்டினால் நிற்கும் என்றார் டேப் சார். இல்லையென்றால் வெடி. பனி மூட்டத்தில் கொடி தெரியாது என்பதற்காகத் தண்டவாளத்தில் வெடி வைப்பது ரயில்வேயில் பழைய வழக்கமாம். வெடிச் சத்தம் கேட்டால் டிரைவர் என்ன ஏது என்று யோசிக்கக் கூடாது, உடனே வண்டியை நிறுத்தியாக வேண்டும், முன்னால் ஆபத்து என்று அர்த்தம். அவர் இதைச் சும்மா ஒரு தகவலாகத்தான் சொன்னார். மாமாவும் தகவலாகத்தான் கேட்டுக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதது நான்.

“மாமா, நம்ம டிக்கில ஐயாயிரம் சரம் கெடக்குல்ல?”

சார்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

மாமா காரை நிறுத்திய இடம் ஒரு ஓடைப் பாலம். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்தது. மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. வடக்கே, கருவேலத்துக்கு அப்பால், கொஞ்ச தூரத்தில் அம்மா ஆபீஸின் வேப்ப மரங்கள். தெற்கே அதே தூரத்தில் அப்பா ஆபீஸ். நடுவில் ரயில் பாதை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. டேப் சார் டேப் ரெக்கார்டரின் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு, “இந்த மாதிரி இடத்துல நின்னு கிளம்பினா எப்படி இருக்கும்!” என்று ஏக்கத்தோடு சொன்னார். சரி, ஓடிப்போகிற சத்தமாவது கிடைக்கட்டும் என்று மைக்கை நட்டார். பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறதாம் என்று என் தலையில் பழியைப் போட்டுவிட்டு, மாமா என்னைக் கூட்டிக்கொண்டு சிவகாசிப் பக்கமாகத் தண்டவாளத்தை ஒட்டி நடந்தார். ஒரு கையில் சரம். என் கையில், காரில் மாரியாத்தா படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தி.

வெடி வைப்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் நிதானம் வேறு எதிலும் கிடையாது. மாமா காற்றுத் திசை பார்த்தார். சருகைக் காலால் ஒதுக்கினார். தண்டவாளத்திலிருந்து தள்ளி ஒரு மரத்தில் சரத்தைத் தொங்கவிட்டு, நுனியைப் பிரித்து, என்னைப் பத்தடி பின்னால் நிற்க வைத்தார். இவ்வளவையும் யோசித்தவருக்கு இன்னொன்று தோன்றாமல் போய்விட்டது. காலையிலிருந்து துரத்தித் துரத்தி, உலகத்தில் அந்த ரயிலையும் டேப் சாரையும் தவிர வேறெதுவும் இல்லாத நிலைக்கு அவர் வந்துவிட்டிருந்தார். எனக்கோ தலைகால் புரியாத குஷி. நான் வேப்ப மரங்களைக் காட்டிக் கேட்டேன்.

“மாமா, அம்மாவுக்கும் கேக்கும்ல?”

“நல்லாக் கேக்கும்” என்றார் மாமா, ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே.

கருவேலத்துக்கு மேலே கறுப்புப் புகை தெரிந்ததும் ஊதுபத்தியை என்னிடமிருந்து வாங்கி நுனியில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஐயாயிரமும் வெடித்து முடிக்க எவ்வளவு நேரமானதோ தெரியாது, நாங்கள் இருவரும் பாலத்துக்குப் பாதி தூரம் ஓடிவரும்வரை வெடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் புகை எழுந்து இன்ஜினின் கறுப்புப் புகையோடு கலந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. அவ்வளவு பெரிய ரயில், பெருமூச்சு விட்டபடி, டேப் சாரின் மைக்குக்கு முன்னால் வந்து நின்றது! அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாமியே தேரை விட்டு இறங்கி வீட்டு வாசலில் வந்து நின்றாலும் அவர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். காலையில் தலைப்பாகையை ஆட்டியவர்தான், இப்போது முகம் வெளுத்துப் போயிருந்தது. பின்னாலிருந்து கார்டு சிவப்புக் கொடியோடு ஓடிவந்து, தண்டவாளத்தைப் பார்த்தார், மரத்தடியில் குவிந்து கிடந்த சிவப்புக் காகிதத்தைப் பார்த்தார். எவன்டா வெட்டிப்பய என்று கத்தினார். மாமா எதிர்த் திசையில் மலையை ரசித்துக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே கார்டு திரும்பிப் போய்ப் பச்சைக் கொடி காட்டினார். டேப் சார் கையைத் தூக்கினார். நான் ஊதுபத்தி இல்லாத கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமாகூட வாயைத் திறக்கவில்லை. வத்தல் இல்லை, லாரி இல்லை, பேண்டு இல்லை. விசில் அடித்து ஓய்ந்தது.

முதல் மூச்சு. தரை அதிர்ந்தது. கறுப்புப் புகை குபுக்கென்று மேலே போனது.

இரண்டாவது மூச்சு. டேப் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் வடக்கே கருவேலத்துக்குள்ளிருந்து பெண்கள் ஓடிவருவதைப் பார்த்தேன். முதலில் தெரிந்தது கைகள். அலுமினியப் பொடி அப்பி முழங்கை வரை வெள்ளியாக மின்னுகிற கைகள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். முள்ளில் சேலை கிழிய, அவிழ்ந்த முடியோடு, ஒருத்தி காலிலும் செருப்பில்லாமல் ஓடிவந்தார்கள். ரயிலைப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஒரே பெருமை. கூட்டத்துக்கு முன்னால் ஓடிவந்தவள் அம்மா. வாய் விட்டு, அடிவயிற்றிலிருந்து, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தாள்.

அப்பாவின் பெயர். அம்மா வாயிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை. தூக்கிவாரிப் போட்டது, சிரிப்பும் வந்தது. அப்பாவையும் ரயில் பார்க்கக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்ஜின் அப்போது மூன்றாவது மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. டேப் சாரின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அம்மா எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாளே என்று பதறிப்போய், ஊதுபத்தி பிடித்த கையாலேயே உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று அவளுக்குச் சைகை காட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள்.

ரயில் எங்களைக் கடந்து போனது. கடைசிப் பெட்டியும் நகர்ந்த பிறகு பார்த்தால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நின்றார்கள். தெற்கேயிருந்து அதே மாதிரி ஓடிவந்திருக்கிறார்கள். மேல்சட்டை இல்லாமல், கையெல்லாம் மருந்தோடு, அப்பா முன்னால் நின்றார். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். நடுவில் வெறும் தண்டவாளம்தான். இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். இரண்டு பேரும் தாண்டவில்லை. அம்மா நின்ற இடத்திலேயே ஜல்லியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வேலைத் தலத்தில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரே கூச்சல். ஒரு அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். இன்னொருத்தி மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “ஈரக்கொல அந்துருச்சேடா பாவி! ஒனக்குக் கூறு இருக்கா?” என்றாள். மாமா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றார். அப்பா மெதுவாக வந்து, என் கையிலிருந்த ஊதுபத்தியை வாங்கி மண்ணில் குத்தி அணைத்தார். “பகல்ல வேணாம் மாப்ள” என்றார் மாமாவிடம். அம்மா என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது. விட்டபோது என் மஞ்சள் கவுன் முழுக்க வெள்ளிக் கை. பொங்கல் கவுன் போச்சே என்று நான் அழத் தொடங்கியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். இருக்கன்குடித் திருநீற்றை அம்மா கேட்கவே இல்லை. பிறகு பெண்கள் வடக்கேயும் ஆண்கள் தெற்கேயுமாக வேலைக்குத் திரும்பிப் போனார்கள். அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

காரில் டேப் சார் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு டேப்பை ஓடவிட்டுக் கேட்டார். எல்லாம் பிரமாதமாக வந்திருக்கிறது, மூன்றாவது மூச்சில் மட்டும் ஒரு பொம்பளைக் குரல் விழுந்துவிட்டது, அது யாருடைய பெயரோ என்று வருத்தத்தோடு சொன்னார்.

“அது எங்க அக்கா சார்” என்றார் மாமா. பிறகு, சாலையைப் பார்த்தபடியே, எங்கள் ஊரில் பகல் வெடிக்கும் புகைக்கும் என்ன அர்த்தம், அக்கா புருஷன் எந்த ஆபீஸில் என்ன மருந்து கலக்கிறார் என்பதைச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதனால் நான் சரியாகக் கேட்கவும் இல்லை, கவுனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டேப் சார் காதுக் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். விருதுநகர் வரும்வரை யாரும் பேசவில்லை. அவர் கையைத் தூக்காமலே.

சாயங்காலம் சாப்பிடும்போது நான் கோள் சொன்னேன். “யப்பா, அம்மா இன்னைக்கு ஒங்க பேரச் சொல்லிருச்சு!”

“கேட்டுச்சு தாயி” என்றார் அப்பா.

நான் விடவில்லை. ரயில் அம்புட்டுச் சத்தம் போட்டதே, அந்தப் பக்கம் நின்றவருக்கு எப்படிக் கேட்கும் என்று மல்லுக்கு நின்றேன். அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றை அள்ளிப் போட்டாள். இருவரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன்.

ஒரு மாதம் கழித்து மாமா பெயருக்குச் சென்னையிலிருந்து ஒரு கேசட் வந்தது. கூடவே டேப் சாரின் கடிதம். இதில் எதையும் நான் அழிக்கவில்லை, வெளியே யாருக்கும் போட்டுக் காட்டுவதாகவும் இல்லை, இது உங்கள் அக்கா வீட்டுக்கு என்று எழுதியிருந்தார். மாமா அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா எங்கள் டேப் ரெக்கார்டரில் அந்தக் கேசட்டைப் போடுவார். அது ஓடத் தொடங்கியதும் அம்மா கழுவிய பாத்திரங்களையே மறுபடி அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். முதல் மூச்சு, இரண்டாவது மூச்சு, மூன்றாவது மூச்சு. அங்கே நிறுத்துவார். பின்னால் சுற்றுவார். மறுபடியும் முதல் மூச்சு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மூச்சை அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, டேப் சார் மாதிரியே உட்கார்ந்திருப்பார்.

எங்கள் அப்பாவுக்குக் கரி இன்ஜின் சத்தம் என்றால் உயிர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.